நெடியே இல்லாத நாற்காலி

"மோந்து பாருங்க. நல்லா மூக்கை வச்சு மோந்து பாருங்க. அதுக்குத்தானே ஊர் விட்டு ஊர் வந்திருக்கீங்க?"

டோன்யா சொராய்தா செர்ராத்தோ இதைச் சொன்ன தோரணை, வீட்டு நாய்க்கு உத்தரவு போடுகிற தோரணை. எலோடியா பொத்தோஸ்மே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து அந்த ஆடும் நாற்காலியின் முதுகு, கைப்பிடி, இருக்கையின் அடிப்பக்கம் என்று ஒவ்வோர் இடமாக முகர்ந்தாள். பக்கத்து ஊரான ஹினோதெபேயில், மருந்துக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் அவள். அதற்கு முன்னால் போலீஸில் இருந்தாள். மேலதிகாரியின் மேஜைமேல் தொப்பியை விட்டெறிந்துவிட்டு வந்தவளுக்கு இந்த மாதிரி வரவேற்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"என்ன வாசனை வருது?" என்றாள் சொராய்தா.

"ஒண்ணும் வரலை."

"வராது. புது வார்னிஷ்னா இந்த மழைக்காலத்துல மாசக்கணக்கா நெடி போகாது. மசாதெபேல பொறந்த பச்சைக் குழந்தைக்குக்கூட இது தெரியும். அன்னம்மாள் என் வீட்டுக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகுது. அப்போ இந்தப் போலி நாற்காலி எப்போ வந்துச்சு? எனக்கு முன்னாடி வச்சிருந்தாளே, அந்த மாவு பிசையறவ, அர்சேனியா. அவ வீட்லயே மாத்தியாச்சு!"

கூடத்து மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, புனித அன்னம்மாளின் சொரூபத்தை உட்காரவைத்திருந்தார்கள். அந்தப் பேட்டை வழக்கம் இது. வருஷத்துக்கு ஒரு குடும்பம் அன்னம்மாளையும் அவள் நாற்காலியையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். ஜூலைத் திருவிழா அன்று அடுத்த குடும்பத்திடம் ஒப்படைக்கும். நாற்காலி சொராய்தாவின் தாத்தா செய்து கொடுத்தது. இருக்கைக்கு அடியில் அவர் காய்ச்சிய இரும்பால் சுட்ட முத்திரை உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை பூஜைக் கமிட்டியைக் கூப்பிட்டு, நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டி, முத்திரை எங்கே என்று கேட்டவள் சொராய்தாதான். அன்று முதல் அர்சேனியாவின் கதவில் கல் விழுகிறது.

"அர்சேனியா திருடலைன்னு சொல்றாங்க," என்றாள் எலோடியா.

"திருடினவ வேற எப்படிச் சொல்வா? சாயங்காலம் கமிட்டி இங்கதான் கூடுது. போலீஸும் வருது. உங்க வித்தையை அதுக்குள்ள காட்டிட்டு நடையைக் கட்டுங்க."

தெருவில் ஒரு லாரி போயிற்று. தரை லேசாக அதிர்ந்தது. சொராய்தாவின் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கிரீச் என்று ஏதோ ஆடியது.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"பூனை."

வேலைக்காரப் பெண் இரண்டு கோப்பை காபி கொண்டுவந்து வைத்தாள். எலோடியாவுக்கு வயிற்றுப் புண். காபியைத் தொட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. காபித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற இந்த ஊரில் காபி வேண்டாம் என்று சொல்வது பெற்ற தாயை யாரென்று கேட்பதற்குச் சமம். சொராய்தாவின் முகம் கறுத்தது. எலோடியாவின் உதவியாளன் ட்ரினோ தன் கோப்பையைக் காலி செய்தான். அவளுடையதையும் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தான். காபியைக் கீழே கொட்டுகிற பழக்கம் இந்த ஜில்லாவிலேயே எவனுக்கும் கிடையாது.

"வந்தவங்க தராதரத்துக்கு ஏத்த காபிதான் போடச் சொன்னேன்," என்றாள் சொராய்தா. "குறை ஒண்ணும் இல்லையே?"

"குறையா? இனிமே என் குடல்ல துருவே பிடிக்காது டோன்யா," என்றான் ட்ரினோ. பெரிய வீட்டம்மாக்களை அந்த ஊரில் டோன்யா என்று மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும்.

வாசலில், சொராய்தாவின் காபிக் கிடங்கின் துருப்பிடித்த தகரக் கதவுக்குப் பக்கத்தில் அவன் ஆட்டோ நின்றது. ஆட்டோவுக்காவது லைசென்ஸ் உண்டு. ட்ரினோவின் வாய்க்குக் கிடையாது. முதலாளியம்மாவை அவன் ஹெஃபா என்றுதான் கூப்பிடுவான்.

"ஹெஃபா, அது காபியே இல்ல. பேட்டரித் தண்ணியில சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக் குடுத்திருக்கா."

"வாயை மூடிட்டு வண்டியை எடு. புது வார்னிஷ் நெடியை எப்படிச் சீக்கிரம் போக்கறதுன்னு யாரைக் கேட்கலாம்?"

"வார்னிஷ் அடிக்கறவனைத்தான் கேட்கணும். ஆனா அம்போத்தா மாஸ்டர்கிட்ட பேசறதுக்கு முன்னாடி தலைக்கு ஹெல்மெட் போட்டுக்கங்க."

*

வென்செஸ்லாவ் அம்போத்தாவின் பட்டறை நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. கூரையிலிருந்து ஆடும் நாற்காலிகள் தலைகீழாகத் தொங்கின. மழை சாத்துச் சாத்தென்று சாத்தியது. வார்னிஷ் நெடி உள்ளே நுழைந்ததுமே கண்ணைக் கரித்தது. மாஸ்டர் துணிப்பந்தை வார்னிஷில் தோய்த்து ஒரு கைப்பிடியில் இழுத்துக்கொண்டிருந்தார். ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"மாஸ்டர், புதுசா வார்னிஷ் அடிச்ச நாற்காலில நெடி போகணும்னா என்ன செய்யணும்?" என்றாள் எலோடியா.

"பிளாஸ்டிக் நாற்காலி வாங்கணும்."

"இவ்வளவு சிரிச்ச முகத்தோட வியாபாரம் பண்றீங்களே, மூஞ்சிக்கும் ஒரு கோட்டிங் குடுத்தா என்ன மாஸ்டர்?" என்றான் ட்ரினோ.

மாஸ்டரின் கை கொட்டாப்புளியை நோக்கிப் போயிற்று. எலோடியா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நீங்க அர்சேனியாவுக்காக வந்த ஆளு. எனக்குத் தெரியும்," என்றார் மாஸ்டர். "கமிட்டி ஆளுங்க காதுல விழுந்தா திருவிழாவுக்கு ஒரு பலகைகூட எங்கிட்ட வாங்க மாட்டாங்க. கிளம்புங்க."

"நான் நாற்காலியைப் பத்திக் கேட்கலை மாஸ்டர். நெடியைப் பத்திக் கேட்கறேன். நெடிக்குக் கமிட்டி கிடையாதே."

மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். திட்டுவதற்குப் புது ஆள் கிடைத்த சுகம் அவர் குரலில் தெரிந்தது.

"வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் பண்றாளுங்க. வினிகரைக் கிண்ணத்துல வைப்பா ஒருத்தி. வெங்காயத்தை வெட்டி வைப்பா இன்னொருத்தி. அப்புறம் அலமாரி வெங்காய நாத்தம் அடிக்குதுன்னு எங்கிட்டயே வந்து மல்லுக்கு நிப்பாளுங்க. நெடி மாயமா மறைஞ்சு போயிடாதும்மா. ஒண்ணுலேர்ந்து கிளம்பினா இன்னொண்ணுக்குள்ள போய்த்தான் ஆகணும். வெயில் அடிச்சா காத்தோட போயிடும். இந்த மழையில காத்தே நனைஞ்சு கிடக்கு. ஒரு ரூம்ல போட்டுப் பூட்டி, சுத்தியும் உறிஞ்சுற சாமான் எதையாவது அடுக்கணும். அடுப்புக்கரின்னா நல்லது. ஒரு கைப்பிடி இல்ல, மூட்டைக் கணக்குல."

"இந்த யோசனையை வேற யாருக்காவது சொன்னீங்களா?"

துணிப்பந்து பாதி வழியில் நின்றது.

"மழை ஆரம்பிச்சப்போ ஒருத்தங்க கேட்டாங்க. சொன்னேன்."

"யாரு?"

"வாடிக்கைக்காரங்க பேரை வெளிய சொல்ற மாஸ்டர்கிட்ட இந்த ஊர்ல எவனும் ஒரு முக்காலிகூடச் செய்யச் சொல்ல மாட்டான். வெளிய போங்க ரெண்டு பேரும்!"

இந்த முறை கொட்டாப்புளி நிஜமாகவே மேலே வந்தது. ட்ரினோ எலோடியாவுக்கு முன்னால் ஆட்டோவில் இருந்தான்.

"ஓடிப்போன வேகத்துக்கு உனக்கு மெடல் குடுக்கணும்," என்றாள் அவள்.

"வண்டியை ரெடியா வைக்கத்தான் ஹெஃபா ஓடினேன். அடுத்து கரிக்கடையா?"

மசாதெபேயில் கரிக்கடை ஒன்றுதான். ட்ரினோ உள்ளே போனான். வெளியே வந்தபோது வழக்கமான இளிப்பு இல்லை.

"சொல்லு."

"இந்த மழைக்காலம் பூரா மூட்டை மூட்டையாக் கரி வாங்கினது ஒரே ஒருத்தர்தான். நம்ம அர்சேனியா."

கூப்பிட்டு வேலை கொடுத்தவள்மீதே கத்தி திரும்புவது துப்பறிகிறவளுக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் எலோடியாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"நேரா அவ வீட்டுக்கு விடு," என்றாள்.

*

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கதவு முழுக்க அடிபட்ட தழும்பு. கதவோரம் ஒரு வாளி நிறையக் கற்கள் இருந்தன. அர்சேனியா புத்தோய் உயரம் குறைந்த, தோள் அகன்ற விதவை. சனிக்கிழமைதோறும் வாழையிலையில் மாவும் பன்றிக்கறியும் வைத்துக் கட்டி, நாளெல்லாம் வேகவைத்து நகத்தமால் விற்பது அவள் பிழைப்பு. போன சனிக்கிழமை ஒன்றுகூட விற்கவில்லை.

"இவ்வளவு கரி எதுக்கு வாங்கினீங்க?" எலோடியா உட்காரக்கூட இல்லை.

அர்சேனியா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "எரிக்கறதுக்கு. அண்டா அடுப்பைக் கண்ணால பார்த்ததே இல்லையா நீங்க? திருடியைக் கண்டுபிடிங்கன்னு உங்களைக் கூப்பிட்டேன். என் கரியை எண்ணுங்கன்னு கூப்பிடலை. கல்லெறியற கூட்டம் போதாதுன்னு நான் வேற ஆள் வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன் பாருங்க!"

"அக்கா, மெதுவா. அவங்களுக்கு வயித்துப் புண்ணு," என்றான் ட்ரினோ.

"எனக்கு வீட்டுக் கதவே புண்ணு. நான் யார்கிட்ட சொல்ல?"

எலோடியாவின் மூக்கு வேலை செய்யத் தொடங்கியிருந்தது. சுவரை முகர்ந்தாள். கட்டிலில் கிடந்த போர்வையை முகர்ந்தாள். போன வருஷம் முழுக்க அன்னம்மாளின் தோளில் கிடந்த சால்வை ஆணியில் தொங்கியது. அதை முகத்தோடு அழுத்திக்கொண்டாள். எல்லாவற்றிலும் ஒரே நெடி. கரிப்புகை, பன்றிக் கொழுப்பு, வெந்த இலை.

"ட்ரினோ, காலைல அந்த நாற்காலில என்ன வாசனை வந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதேதான். இந்த அறையில கிடக்கற சால்வையே இப்படிப் புகை நாத்தம் அடிக்குது. இங்கயே மாசக்கணக்குல இருந்த நாற்காலின்னா மரம் பூரா புகை ஊறியிருக்கணும். அந்தப் போலி இந்த வாசப்படியை மிதிச்சதே இல்ல."

அர்சேனியா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். ட்ரினோ தலையைச் சொறிந்தான்.

"கமிட்டி ஒத்துக்காது ஹெஃபா. சொராய்தா வீட்டுக் கூடத்துல காத்து பட்டு எல்லாம் போயிடுச்சும்பாங்க."

"சொல்வாங்க. மாஸ்டர் சொன்ன மாதிரி, கிளம்பின நெடி எதுக்குள்ள போய் உட்கார்ந்துச்சுன்னு காட்டணும். பழைய நாற்காலியைப் பார்த்தா உங்களால அடையாளம் சொல்ல முடியுமாக்கா?"

"பார்க்கவே வேண்டாம், கேட்டாலே சொல்வேன். அது நொண்டி. ஒரு பக்கத்து வளைவு தேஞ்சு போச்சு. கிரீச்சுன்னு ஆடிட்டு டொக்குன்னு நிக்கும். தெருவுல லாரி போனாக்கூடத் தானா ஆடும். எத்தனை நாள் தூக்கத்துல 'சும்மா இரு தாயே'ன்னு அதட்டியிருக்கேன்."

சொல்லிக்கொண்டே அவள் ட்ரினோவின் கையில் ஒரு காபியைத் திணித்தாள். கோபத்தில் இருந்தாலும் வந்தவனுக்குக் காபி கொடுக்காமல் இருக்க அவளுக்குக் கை வராது. ட்ரினோ ஒரு வாய் குடித்துவிட்டு அப்பாடா என்று சாய்ந்தான்.

"இது காபி! அந்தம்மா குடுத்தது பேட்டரித் தண்ணி இல்ல ஹெஃபா, இப்பத்தான் புரியுது. அம்போத்தா மாஸ்டர் துணிப்பந்தைக் கழுவி ஊத்தின தண்ணி."

எலோடியா சட்டென்று திரும்பினாள்.

"இப்போ என்ன சொன்னே?"

"சும்மா கிண்டலுக்குச் சொன்னேன்..."

"உன் வாயிலேர்ந்து உருப்படியா வந்த ஒரே விஷயம் அதுதான். அர்சேனியாக்கா, சொராய்தா கிடங்குல இப்போ என்ன கிடக்கும்?"

"நல்ல கொட்டையெல்லாம் எப்பவோ கப்பலேறியாச்சு. உடைசலும் கறுப்பும் பூச்சி அரிச்சதும் மூட்டை மூட்டையாக் கிடக்கும். எங்களை மாதிரி ஆளுங்க போனா அதைத்தான் வறுத்துப் போட்டுக் குடுப்பா. ஏன்?"

எலோடியா ஏற்கெனவே வாசலுக்குப் போய்விட்டாள். "சால்வையை எடுத்துக்கிட்டு வாங்க. ட்ரினோ, மர லாரி ஓட்டற உன் மச்சான் இன்னைக்கு ஊர்ல இருக்கானா?"

*

கமிட்டி கூடியபோது சொராய்தாவின் கூடத்தில் நாற்காலி எல்லோருக்கும் இருந்தது, அர்சேனியாவுக்கு மட்டும் இல்லை. சால்வையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் ஒரு போலீஸ்காரர் சுவரில் சாய்ந்திருந்தார். கமிட்டித் தலைவர் டோன் அபெலார்தோ நிக்கோயா, கம்பெனிகளுக்குக் காபியை ருசிபார்த்துத் தரம் சொல்கிறவர். நாக்கால் பிழைப்பவர். அந்த நாக்கு அன்றைக்கு அர்சேனியாவை 'நீ' என்றுதான் கூப்பிட்டது.

"நீ ஒத்துக்கிட்டா உனக்கு நல்லது. நாற்காலி எங்கன்னு சொல்லிடு."

"எனக்குத் தெரியாது."

"இந்தத் திமிர்தான்..."

"டோன் அபெலார்தோ," என்று குறுக்கிட்டாள் எலோடியா. "முடிவு பண்றதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு வாய் காபி குடிங்க. காலைல என் ஆளுக்குக் குடுத்தாங்களே, அதே டப்பாவுலேர்ந்து."

சொராய்தா எழுந்துவிட்டாள். "அது கூலிக்காரங்க காபி. கமிட்டிக்கு நான் நல்ல காபி வச்சிருக்கேன்."

"நல்லது வேண்டாம். அதேதான் வேணும்."

"என் வீட்டுக்கு வந்து என்ன காபி போடணும்னு எனக்கே சொல்றியா நீ?"

"காபிதானே டோன்யா, போடச் சொல்லுங்க," என்றார் அபெலார்தோ எரிச்சலோடு. "சீக்கிரம் முடிச்சா சரி."

காபி வந்தது. அவர் தொழில் பழக்கத்தில் சர்ரென்று உறிஞ்சினார். அடுத்த நொடி எச்சில் தொட்டி எங்கே என்று கண் தேடியது. கிடைக்காமல் தன் கைக்குட்டையிலேயே துப்பினார்.

"வார்னிஷ்!"

மற்றவர்களும் குடித்துப் பார்த்தார்கள். ஆளுக்கொரு கைக்குட்டை வெளியே வந்தது.

"வறுக்காத கொட்டை பக்கத்துல இருக்கற நெடியையெல்லாம் குடிச்சிடும்," என்றாள் எலோடியா. "உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை."

"சோப்பு வச்சா சோப்பு, மண்ணெண்ணெய் வச்சா மண்ணெண்ணெய்," என்று முணுமுணுத்தார் அபெலார்தோ. "இதுக்காக எத்தனையோ மூட்டையை நானே திருப்பி அனுப்பியிருக்கேன்."

"இந்தப் போலி நாற்காலில நெடி இல்ல, அதனால பழசுன்னு சொன்னாங்க. அர்சேனியா வீட்டுப் புகை நாத்தமும் இதுல இல்ல. அந்தச் சால்வையை மோந்து பாருங்க, வித்தியாசம் தெரியும். இதைப் புதுசாச் செஞ்சு, காபி மூட்டைக்கு நடுவுல போட்டுப் பூட்டி, நெடியை உறிஞ்ச விட்டிருக்காங்க. அடுப்புக்கரி போடுன்னுதான் மாஸ்டர் சொன்னார். வீட்லயே சும்மா கிடக்கற காபி இருக்கும்போது கரியை எதுக்கு வாங்கணும்? வேலை முடிஞ்சதும் கொட்டையைத் தூக்கி எறிஞ்சிருக்கலாம். காபியை எறிய மனசு வரலை. நமக்கு ஆகாதவங்க வந்தா குடிச்சுட்டுப் போகட்டும்னு டப்பாவுல போட்டு வச்சிட்டாங்க."

"பொய்!" சொராய்தாவின் குரல் உடைந்தது. "கிடங்குக் கதவுக்கு வார்னிஷ் அடிச்சேன். அந்த நெடிதான்."

"தகரக் கதவுக்கா?" என்றான் ட்ரினோ. "துருவை நல்லாப் பளபளன்னு வச்சிருக்கீங்க டோன்யா."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். எலோடியா கண்ணைக் காட்ட, ட்ரினோ வாசலுக்கு நழுவினான். சற்று நேரத்தில் தெருக்கோடியில் ஒரு லாரி உறுமியது. மரத்தடிகளைச் சுமந்துகொண்டு, ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்க வீட்டை ஒட்டிப் போயிற்று. கோப்பைகள் நடுங்கின.

படுக்கையறைக்குள்ளிருந்து கேட்டது. கிரீச். டொக்.

மறுபடியும், கிரீச். டொக்.

"சும்மா இரு தாயே," என்றாள் அர்சேனியா, தன்னை அறியாமல்.

அபெலார்தோ எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். ஜன்னலோரம் அன்னம்மாளின் நாற்காலி இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் சொராய்தாவின் துண்டு கிடந்தது. இருக்கையில் ஒரு பட்டு மெத்தை. மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம்.

சொராய்தா தலை குனியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"என் தாத்தா கையால செஞ்சது அது! ஒரு வருஷம் கரிப்புகையில கிடந்து கறுத்து வந்துச்சு. அடுத்த வருஷம் எவ குடிசைக்கோ? இனிமே என் வீட்டை விட்டு அது போகக் கூடாதுன்னு நினைச்சேன். இவ திருடினான்னு சொன்னா ஊரே நம்பும்னு தெரியும். நம்பினீங்களா இல்லையா? எல்லாரும் நம்பினீங்கதானே?"

போலீஸ்காரர் சுவரை விட்டு விலகி நிமிர்ந்து, சொராய்தாவின் பக்கம் வந்து நின்றார்.

அபெலார்தோவின் நாக்கு இப்போது மரியாதைக்கு மாறியது. "டோன்யா அர்சேனியா, கமிட்டி சார்பா உங்ககிட்ட நான்..."

"வேண்டாம்," என்றாள் அர்சேனியா. பட்டு மெத்தையை எடுத்துத் தரையில் போட்டாள். நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்து வந்து, சொரூபத்தைத் தூக்கி அதில் உட்காரவைத்து, புகை நாறும் சால்வையைப் போர்த்தினாள். பிறகுதான் கமிட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "மன்னிப்பை நான் எங்க வைக்கறது, என் வீடு சின்னது. வாசல்ல ஒரு வாளி இருக்கு. நீங்க எறிஞ்சதெல்லாம் அதுல பத்திரமா இருக்கு. அவங்கவங்க கல்லை அவங்கவங்க வந்து எடுத்துட்டுப் போங்க."

அன்றே மழை விட்டதும் அர்சேனியாவின் வாசலுக்கு முதலில் வந்தவர் டோன் அபெலார்தோ. எதிர்ச் சாரியில் ஆட்டோவுக்குள் எலோடியாவும் ட்ரினோவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, வாளியில் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பி நடந்தார்.

கதவைத் திறக்காமலே உள்ளேயிருந்து அர்சேனியா சொன்னாள்.

"உங்களோடது ரெண்டு."